வெறும் ஓட்டம்

விடிந்துவிட்டது என்று தெரிந்தும் பிலவேந்திரன் பாயை விட்டு எழவில்லை. முதுகு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது, முழங்கால் ஒரு பக்கம். கண் எரிச்சல் வேறு. ஆண்டவரே, இன்னும் கொஞ்ச நேரம் படுத்தால் என்ன, குடியா முழுகிவிடும் என்று நினைத்தான். முழுகித்தான் போகும். அரிசி மில்லில் இன்றைக்கு இஞ்சின் ஓடப்போகிறது என்று ராஜவேலு முதலியார் ஆரணி முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். எழுந்து உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான்.

மில் என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். பட்டு வியாபாரத்தில் கை நிமிர்ந்த முதலியாருக்கு, நீராவியில் நெல் குத்த வேண்டுமென்று ஒரு ஆசை வந்துவிட்டது. கமண்டல நாகநதிப் பக்கம் ஒரு கொட்டகை போட்டார். எங்கோ ஒரு அவுரிக் கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்த இஞ்சினை வாங்கி, மாடுகளைப் பூட்டி இழுத்து வந்து நிறுத்தினார். அதை ஓட்ட முதலில் வந்தவன் மகா கெட்டிக்காரன். எண்ணெய் விடாமலே ஓட்டினான். சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங்குகளை உருக்கி, சிலிண்டரைக் கீறி, இஞ்சினைக் குட்டிச்சுவராக்கிவிட்டு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிவிட்டான். அதற்கப்புறம்தான் பிலவேந்திரனைத் தேடி ஆள் போனது.

அவனைத் தேடிக் கண்டுபிடிப்பது லேசில்லை. பிறந்தது வெம்பாக்கத்துப் பக்கம், சொந்தமாக ஒரு குழி நிலமில்லாத வீட்டில். தாது வருஷப் பஞ்சத்தில் பெண்டாட்டி சகாயம்மாளையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு நடையாய் நடந்து, ஒரு ரயில்வே ஷெட்டில் சாம்பல் வாரும் வேலையில் சேர்ந்தான். சாம்பல் வாரியவன் கரி தள்ளினான், கரி தள்ளியவன் ஸ்பேனர் பிடித்தான். அங்கிருந்து கரும்பாலை, பஞ்சு பிரஸ், அவுரி என்று இஞ்சின் இருக்கிற ஊரெல்லாம் அவன் ஊராயிற்று. கெட்டதைக் கழற்றிப் பூட்டி ஓடவிட்டதும், "சரி மேஸ்திரி, இனிமே எங்காளே பாத்துக்குவான்" என்று அனுப்பிவிடுவார்கள். ஓடாவிட்டாலும் போக வேண்டும், நன்றாக ஓடினாலும் போக வேண்டும். இது என்ன பிழைப்போ!

அந்தக் கைக்குழந்தை போகிற வழியில் ஏதோ ஒரு ஊரில் பேதியில் போய்விட்டது. அந்தக் கல்லறைக்குத் திரும்பிப் போய் ஒரு மெழுகுதிரி ஏற்றக்கூட அவர்களுக்கு வாய்க்கவில்லை. சகாயம்மாள் போன ஊரிலெல்லாம் வீட்டுப் பின்னால் ஒரு முருங்கைக் கொம்பை நட்டுவைப்பாள். துளிர்க்கும், பூக்கூடப் பூக்கும். காய்க்கிற நேரத்துக்கு இவர்கள் மூட்டை கட்டியிருப்பார்கள். தான் நட்ட மரத்தில் ஒரு காய் பறித்துக் குழம்பு வைத்ததில்லை அவள்.

ராஜவேலு முதலியார் ஒருத்தர்தான் வேறு மாதிரி பேசினார். மில்லுக்குப் பின்னால் இரண்டு அறை கொண்ட ஓட்டுவீடு ஒன்று இருந்தது. அதைக் காட்டிச் சொன்னார்: "இஞ்சினை நல்லா ஓட்டிக் குடுத்துட்டியானா இந்த வீட்ல நீயே இருந்துக்கோ மேஸ்திரி. ஒன் காலம் வரிக்கும் நீதான் ஓட்டணும். ஓடலைன்னா மட்டும் மூட்டையக் கட்டு. அப்பால என்கிட்ட வந்து பேஜார் பண்ணாத."

சகாயம்மாள் அன்று சாயங்காலமே முருங்கைக் கொம்பை நட்டாள்.

பிலவேந்திரன் இஞ்சினை ஆணி ஆணியாகப் பிரித்தான். சிலிண்டரைக் கடைந்துவரப் பட்டணத்துக்கு அனுப்பினான். பேரிங்குகளுக்குப் புது ஈயம் உருக்கி ஊற்றினான். தண்டில் விளக்குக்கரியைப் பூசி, பேரிங்கில் உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால், மேடாக இருக்கிற இடத்தில் மட்டும் கரி ஒட்டியிருக்கும். அந்த இடத்தைச் சுரண்டியால் பூப்போல் சுரண்ட வேண்டும். மறுபடி கரி பூசு, மறுபடி சுற்று, மறுபடி சுரண்டு. குனிந்த முதுகு நிமிராமல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எல்லாம் இதிலேயே போயிற்று. இனி ஒரு இஞ்சினைப் பிரிக்கத் தன் உடம்பில் தெம்பில்லை என்பது அவனுக்கே தெரிந்துவிட்டது. வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

எல்லாம் பூட்டி முடித்தபோது தை பிறந்து, சம்பா நெல் மூட்டைகள் கொட்டகையில் வந்து அடுக்கிக் கிடந்தன. முதலியாருக்குக் கை பரபரத்தது.

"மொத நாளே நெல்லு காட்டக்கூடாது எசமான்" என்றான் பிலவேந்திரன். "தண்டும் புது ஈயமும் ஒண்ணுக்கொண்ணு பழகணும். வெறும் வண்டியில பூட்டி காளையப் பழக்கறோம் இல்லியா, அந்த மாதிரி. நெல்லு மிஷினுக்கு பட்டை மாட்டாம ரெண்டு மூணு நாளு மெள்ள வெறும் ஓட்டம் விடணும்."

"ரெண்டு மூணு நாளா? சொம்மா வெறகு எரிச்சிகினு குந்தினு இருக்கணுமா?"

"இருந்துதான் ஆவணும். இல்லாங்காட்டி பழைய கதிதான்."

பழைய கதி என்றதும் முதலியார் இறங்கிவந்தார். வெறும் ஓட்டத்துக்கு ஒத்துக்கொண்டார், ஆனால் பூஜை போடாமல் இருக்க ஒத்துக்கொள்ளவில்லை. அதுதான் இன்றைய கூத்து.

பூஜை என்றால் பிலவேந்திரனுக்கு ஆகாது. சாமி மேல் கோபமில்லை, சந்தனத்தின் மேல்தான் பயம். ஒவ்வொரு பேரிங் மூடியின் உச்சியிலும் எண்ணெய் ஊற்ற ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம் உண்டு. அதன் அடியில் ஒரு துளை. அந்தத் துளை வழியாக எண்ணெய் சொட்டுச் சொட்டாய் இறங்கினால்தான் பேரிங் பிழைக்கும். நம் ஜனங்களோ, குழி எங்கே இருந்தாலும் அங்கேதான் பொட்டு வைப்பார்கள். ஒரு கரும்பாலையில் சந்தனம் துளையை அடைத்து அவன் பட்ட பாடு அவனுக்கல்லவா தெரியும்! ஆகவே பூஜைக்கு முன்னாலேயே கிண்ணம் கிண்ணமாகக் கந்தல் துணியைத் திரித்து அடைத்துவைத்தான்.

முதலியாரின் மனைவி குணசுந்தரி அம்மாள் தட்டோடு வந்தார். கை நிறையச் சந்தனம் எடுத்து, பாய்லருக்கு, பெரிய சக்கரத்துக்கு, பேரிங் மூடிகளுக்கு, ஒன்று விடாமல் அப்பினார்.

"அம்மா, போதுங்க. அந்தக் கிண்ணத்தாண்ட மட்டும் வாணாங்க."

"ஏன் மேஸ்திரி, ஒங்க சாமி கோச்சிக்குமா?"

"எங்க சாமி கோச்சிக்காதுங்க, இஞ்சின்தான் கோச்சிக்கும்."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நெசவுத் தெருவிலிருந்து பாதிப் பேர் வந்திருந்தார்கள். புகைக்கரி பறந்து தெருவில் விரித்த பாவு நூலின் மேல் விழுமே என்ற கவலையில் இருந்தவர்கள்கூட வேடிக்கையை விடவில்லை. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி முடித்ததும் பிலவேந்திரன் கந்தல்களை உருவினான். ஒவ்வொரு துளையிலும் கம்பி விட்டுப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. அப்பாடா என்று, அடுப்பைக் கவனிக்கிற காத்தவராயனிடம் பாய்லரில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கப் போனான்.

அந்த நேரம் பார்த்துத்தான் சகாயம்மாள் கஞ்சிக் கலயத்தோடு வந்தாள். கொட்டகையின் இருட்டுப் பக்கம், பெரிய சக்கரத்தை ஒட்டிய பேரிங் அருகே சற்று நேரம் நின்றாள். பிறகு கலயத்தைக் கீழே வைத்துவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பிலவேந்திரன் அவள் முதுகைத்தான் பார்த்தான்.

எண்ணெய்க் குவளையை எடுத்துக் கிண்ணங்களை நிரப்பினான். பெரிய சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினான். பிசிறில்லாமல் வந்தது. நீராவியை ஒரு மயிரிழை திறந்தான். சிலிண்டரில் நின்ற தண்ணீரெல்லாம் புஸ்ஸென்று சீறி வெளியே வந்தது. முன்னால் நின்றவர்கள் ஓடினார்கள். சக்கரம் யோசித்தது. யோசித்து, சரி போகட்டும் என்பதுபோல் மெள்ளப் புரண்டது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கொட்டகைக் கூரைக்கு மேல் புகைபோக்கி தொண்டையைச் செருமியது. ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள்.

பிலவேந்திரனுக்குச் சந்தோஷம் வரவில்லை. அலுப்புதான் வந்தது. பேரிங் பேரிங்காகப் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். அவனுக்கு அதில் ஒரு கணக்கு உண்டு. கையை வைத்தபடி மனசுக்குள் மாதாவுக்கான மங்கள வார்த்தை செபம் ஒன்று சொல்லி முடிக்கிற வரைக்கும் கை பொறுத்தால் பேரிங் நலம். நடுவில் கையை இழுக்கத் தோன்றினால் உடனே நிறுத்து. எல்லாப் பேரிங்கிலும் செபம் முழுசாக முடிந்தது. சகாயம்மாள் நின்ற பக்கத்துப் பேரிங்கிலும் முடிந்தது, அப்போதுதானே ஓட ஆரம்பித்திருக்கிறது.

வெயில் ஏறியது. ஜனங்கள் கலைந்தார்கள். முதலியார் விருந்தாளிகளை வீட்டுக்கு அழைத்துப் போனார். இன்னொரு முறை கிண்ணங்களைப் பார்த்துவரப் போனான் பிலவேந்திரன். மற்றவையெல்லாம் குறைந்திருந்தன, எண்ணெய் விட்டான். இருட்டுப் பக்கத்துக் கிண்ணம் மட்டும் ததும்பத் ததும்ப அப்படியே இருந்தது. நல்லது, ஒரு வேலை மிச்சம் என்று திரும்பிவிட்டான். கிண்ணம் குறையவில்லை என்றால் எண்ணெய் இறங்கவில்லை என்று அர்த்தம். இது சாம்பல் வாரிய காலத்திலேயே அவனுக்குத் தெரியும். ஆனால் அலுத்துப்போன மண்டைக்கு அது உறைக்கவில்லை. கஞ்சியைக் குடித்தான். நெல் மூட்டையில் முதுகைச் சாய்த்தான். கண்ணை ஒரு நிமிஷம் மூடலாம் என்று மூடினான்.

அவனை எழுப்பியது ஒரு வாசனை. முதலில் சந்தனம் கருகும் நாற்றம். அதற்கு அடியில் இன்னொன்று. தூக்கக் கலக்கத்தில் தான் கோயிலில் முழங்காலில் இருப்பதாகவே நினைத்தான். தேன்மெழுகுத் திரி எரிகிற வாசனை! பதறி எழுந்தான். இருட்டுப் பக்கத்துப் பேரிங்கிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது. கையை வைத்தவன் செபத்தின் முதல் சொல்லுக்கே கையை உதறினான்.

"நீராவிய மூடு! காத்தவராயா, மூடுடா!"

இஞ்சின் முனகிக்கொண்டு நின்றது. ததும்பி நின்ற கிண்ணம், அடைப்பு சூட்டில் உருகி, இப்போது காலியாகியிருந்தது. துளையின் விளிம்பில் மஞ்சளாய் ஒரு பிசுக்கு. விரலால் தொட்டு முகர்ந்தான். யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மெழுகுதிரித் திருநாளில் கோயிலில் மந்திரித்த திரி அவர்கள் வீட்டுப் பெட்டியில் எப்போதும் இருக்கும். தொட்டில் கயிற்றில், புதுக் கதவின் நிலையில், மாட்டுக் கொம்பில் அதிலிருந்து ஒரு பொட்டு கிள்ளி வைப்பது அவர்கள் வழக்கம். வைத்தால் ஒரு தீங்கும் வராது. இதே துளையைக் காட்டி, "இதான் இஞ்சினுக்கு வாயி, இதுல தான் இது உயிரு பொழைக்குது" என்று சகாயம்மாளிடம் சொன்னதும் அவன்தான். ஊரார் சந்தனத்துக்குக் கந்தல் அடைத்துக் காவல் நின்றவன், தன் வீட்டு மெழுகை மறந்துபோனான்.

மூடியைக் கழற்றினார்கள். மூன்று மாதம் சுரண்டிய ஈயம் நடுவில் இழுபட்டு, வழிந்து, உறைந்து கிடந்தது. பிலவேந்திரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகைகூட வரவில்லை.

சேதி கேட்டு முதலியார் ஓடி வந்தார். பின்னாலேயே குணசுந்தரி அம்மாள். வாசலில் சகாயம்மாள் வந்து நின்றாள். கிண்ணத்தைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

"இன்னா மேஸ்திரி இது? ஊரக் கூட்டி என் மானத்த வாங்கினியே!" முதலியாருக்கு மூச்சு வாங்கியது. "யார் பண்ண வேல இது? சொல்லு!"

காத்தவராயன் பிலவேந்திரனின் காதருகே குனிந்தான். "சந்தனம்னு சொல்லிடு மேஸ்திரி. வாசனதான் வருதே, யாரு கேக்கப்போறா?"

பிலவேந்திரன் பதில் சொல்வதற்குள் குணசுந்தரி அம்மாளே முந்திக்கொண்டார். "அவர இன்னாத்துக்குத் திட்றீங்க? மேஸ்திரி வாணாம் வாணாம்னுதான் சொன்னாரு, நான்தான் கேக்காம அப்பினேன். பண்ணது நானு. அவங்க வீட்ட காலி பண்ணச் சொல்லாதீங்க."

முதலியார் மனைவியைப் பார்த்தார். வீட்டுப் பேச்சு வீட்டோடு இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். பிலவேந்திரன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வீடு நிற்கும், முருங்கை நிற்கும், பழி ஒரு பணக்கார வீட்டு அம்மாள் தலையில் நாலு நாள் இருந்துவிட்டுத் தானே இறங்கிவிடும். அவனுக்கும் அந்த ஆசை வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பொய் சொல்லக்கூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும். ஆனால் அந்த அம்மாள் செய்யாத தப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அம்மா மேல தப்பில்லீங்க எசமான்" என்றான், தரையிலிருந்து எழாமலே. "அது சந்தனம் இல்ல, மெழுகு. எங்கூட்டுக்காரி வெச்சிகீறா, மந்திரிச்ச மெழுகு. நல்லா ஓடணும்னுதான் வெச்சா. அத்த விடப் பெரிய தப்பு என்னுது. கிண்ணம் கொறையலன்னு கண்ணால பாத்தேன், பாத்தும் ஒறைக்கல. அப்பால தூங்கிட்டேன். என்னால முடியலீங்க எசமான். ஒடம்பு முடியல."

சகாயம்மாள் விசும்பினாள். "இந்த ஊர்லயாவது இருக்கலாம்னுதாங்க..." என்றாள்.

முதலியார் ஒரு பெண்ணைப் பார்த்தார், இன்னொரு பெண்ணைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "ஒருத்தி சந்தனம் வெக்கிறா, ஒருத்தி மெழுகு வெக்கிறா! எண்ணெ ஊத்தறதுக்கு இந்த ஆரணியில ஒரு ஆளு இல்லியா?"

காத்தவராயன் களுக்கென்று சிரித்துவிட்டான். முதலியாருக்கும் உதடு கோணியது, அடக்கிக்கொண்டார். வேறு மேஸ்திரியை இனி எங்கே தேடுவது, தேடி வருவதற்குள் சம்பா நெல்லே தீர்ந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். போகிறபோது திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "அந்த ஒண்ண மறுபடி ஊத்து. இந்த வாட்டி ஊரும் வாணாம், பூஜையும் வாணாம். எந்த சாமியும் இஞ்சின்கிட்ட வரக்கூடாது, ஆமாம். இதுவும் போச்சுன்னா வீட்டுச் சாவியக் குடுத்துடு."

மறுபடி ஈயம் உருகியது. மறுபடி கரி, மறுபடி சுரண்டி. ஒற்றைப் பேரிங்தான், ஆனால் அதைச் சுரண்டி முடிப்பதற்குள் அவனுடைய மிச்ச சொச்ச உயிரும் போய் வந்தது. இராத்திரியில் சகாயம்மாள் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். ஒருவரும் மெழுகைப் பற்றிப் பேசவில்லை. அவன் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டாம் முறை இஞ்சினைக் கிளப்பிய காலையில் கூட்டமில்லை, தேங்காயில்லை. காத்தவராயன் மட்டும் அடுப்படியில் இருந்தான். சக்கரம் மெள்ளப் புரண்டு, செருமி, நிதானத்துக்கு வந்தது. கஞ்சி கொண்டுவந்த சகாயம்மாள் கொட்டகைக்கு வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வா" என்றான் பிலவேந்திரன்.

"எசமான் வரக்கூடாதுன்னாரே."

"சாமிதான் வரக்கூடாதுன்னாரு. நீ வா."

சக்கரத்தில் சிக்காதபடி அவளுடைய முந்தானையை இறுகச் செருகிவிட்டு, அந்த இருட்டுப் பக்கத்துப் பேரிங்கண்டை அழைத்துப் போனான். எண்ணெய் இறங்கும் கிண்ணத்தைக் காட்டினான். அவளுடைய கையைப் பிடித்து மூடியின் மேல் வைத்தான். அவள் பயந்து இழுத்தாள், விடவில்லை.

"மங்கள வார்த்தை ஒண்ணு சொல்லு. சொல்லி முடிக்கற வரிக்கும் கை பொறுத்துதுன்னா நல்லாகீதுன்னு அர்த்தம். ஒரு செபம் முடிஞ்சா அடுத்தது. மத்த கிண்ணத்தெல்லாம் காத்தவராயன் பாத்துக்குவான். கிண்ணம் கொறைஞ்சுகினே வரணும், கொறைய கொறைய இந்தக் குவளையில இருந்து ஊத்து. நடுவுல சுட்டுதுன்னா என்ன எழுப்பு."

"எழுப்பறதா? நீங்க இன்னா பண்ணப்போறீங்க?"

"தோ, இங்கதான் ரவ நேரம் சாயறேன்."

நெல் மூட்டைகளின் மேல் படுத்தான். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் வேண்டுமென்றே படுத்தது அதுதான் முதல் தடவை. கண்ணை மூடியும் காது கொஞ்ச நேரம் மூடவில்லை. சக்கரத்தின் சத்தமும், அதற்கு நடுவில் சகாயம்மாளின் முணுமுணுப்பும் கேட்டன. அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

விழித்தபோது வெயில் மேற்குப் பக்க ஓலைச் சந்து வழியாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். சகாயம்மாள் அதே இடத்தில் நின்றிருந்தாள். வலது கை மூடியின் மேல், இடது கையில் செபமாலை. விரலெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. கால் மாற்றி மாற்றி நின்றதில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். கிண்ணம் பாதி குறைந்திருந்தது.

"பொழுது சாயுதே! ஏன்டி எழுப்பல?"

"சுடலியே" என்றாள் அவள். "சுட்டாத்தானே எழுப்பச் சொன்னீங்க."

அவள் கைக்குப் பக்கத்தில் அவனும் தன் கையை வைத்தான். மனசுக்குள் செபத்தை ஆரம்பித்து, அவசரப்படாமல், ஆமென் வரைக்கும் சொன்னான். கையை எடுக்கத் தோன்றவில்லை. சகாயம்மாள் விட்ட மணியிலிருந்து மறுபடி முணுமுணுக்கத் தொடங்கினாள். பிலவேந்திரன் போய்த் திரும்பவும் படுத்துக்கொண்டான்.